இடம்: ராமநாதபுரம் கடற்கரை

ஏர்வாடி தாண்டி வாலிநோக்கத்துக்கு முன்னால்
பேருந்தை விட்டு இறங்கி
இடக்கைப் பக்கம் உடைமரங்களுக்குள் நடந்தால்
சீமைக்கருவேலம் வழிமறிக்கும்.
அதன் முள் செருப்பைக் கேட்காது, காலைத்தான் கேட்கும்.
அது ஓயும் இடத்தில் உமரி தொடங்கும்
மாசியில் பச்சையாக, சித்திரையில் சிவப்பாக.
உமரிக்குள் உமரி அல்லாத ஒன்று.
அதைத் தேடிப் போனேன்.

கல்லூரி உலர்தாவரக் கூடத்தின் மூன்றாம் அலமாரியில்
அதற்கு ஒரு தாள் உண்டு.
1934. பழுப்பு மை.
'உப்பளத்தோரம். மிகுதி.'
எழுதியவர் எண்ணியிருக்க மாட்டார்.
மிகுதியை யார் எண்ணுகிறார்கள்?

நான் எண்ணப் போனேன்.
முதல் நாள் பூஜ்யம்.
இரண்டாம் நாள் உமரிக் கன்று ஒன்றைக் கண்டு
மண்டியிட்டு, வில்லை வைத்துப் பார்த்து,
இலையடியில் செதில் இல்லாததால்
முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.
மூன்றாம் நாள், உப்பு வாரிக்கொண்டிருந்த பூமயில்
பலகையை ஊன்றி நின்று கேட்டாள்:
"எதையாச்சும் தொலைச்சிட்டீகளா?"
தாளின் படத்தைக் காட்டினேன்.
"இதா? அங்கிட்டுல்ல கெடக்கு.
இங்கிட்டு ஏன் தேடுறீக?"

பாத்திகளுக்கு அப்பால் உடைந்த பழைய வரப்பு.
பதினொன்று.
இரண்டு முறை எண்ணினேன், பதினொன்றுதான்.
அவள் குதிகால் வெடிப்பில்
அரைத்துப் பூசியது பச்சையாய்க் காய்ந்திருந்தது.
செடிகளில் கிள்ளிய நுனி ஒவ்வொன்றும்
இரண்டாய்க் கிளைத்திருந்தது.

இருபதுக்குக் குறைந்தால் தொடாதே என்பது எங்கள் விதி.
அன்றைய மருந்துக்கு அவள் கிள்ளி முடிந்திருந்ததில்
ஒரு நுனியைக் கடன் கேட்டேன்.
சதைப்பற்றான இலை, அப்படியே அழுத்தினால் கருத்து உதிரும்.
சீனி நைனா டீக்கடையில் கொதிநீரில் ஒரு முக்கு.
"தூள் போடவா?" என்றார்.
பழைய தினசரியில்
ஒரு கல்யாண வாழ்த்துக்கும் ஒரு டெண்டர் அறிவிப்புக்கும் நடுவே
படுக்க வைத்தேன்.
கடற்காற்றில் காகிதம்தான் ஈரமானது.
மூன்று இரவு தாள் மாற்றினேன்.

பிறகு சீட்டு.
'இடம்' என்ற கோட்டில் பேனா நின்றுவிட்டது.

ஐந்து வருடத்துக்கு முன், மண்டபம் பக்கம்,
வேறொரு செடிக்கு எழுதியிருக்கிறேன்
அட்சரேகை, தீர்க்கரேகை,
புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம்.
'மூட்டுவலிக்கு' என்று ஒரு சொல்லும்.
கட்டுரை வந்தது, கை குலுக்கினார்கள்.
இரண்டு மழை கழித்துப் போனேன்.
என் எண்கள் இம்மியும் பிசகவில்லை.
அந்த இடத்தில் குழிகள்.
எல்லாம் ஒரே ஆழம்.
கைதேர்ந்தவர்கள்.

எழுதினேன்: ராமநாதபுரம் கடற்கரை.
இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒற்றை முகவரி.
பயன்: கோடு மட்டும்.
சேகரித்தவர் யாரென்று எழுத அவளிடம் பெயர் கேட்டேன்.
"அப்பா பேரோடயா, வீட்டுக்காரர் பேரோடயா?"
உன் பேர் போதும் என்றேன்.

போன மாதம் ஒருவர் மதுரையிலிருந்து பேசினார்.
பணிவான குரல்.
கிலோவுக்கு நானூறு, வேரோடு என்றால் அறுநூறு.
அப்படி ஒரு செடி இந்தக் கரையில் இல்லை என்றேன்.
இருபத்திரண்டு வருட வகைப்பாட்டியலில்
தெரிந்தே சொன்ன முதல் பொய்.

இரண்டாவது, இது.
மேலே சொன்ன வழியில் போய்விடாதீர்கள்.
ஊரையோ, கையையோ, மரத்தையோ
ஒன்றை மாற்றி வைத்திருக்கிறேன்.
பூமயில் என்பதும் அவள் பேரில்லை
தாளில் இருப்பது வேறு.
எண்ணிக்கையில் மட்டும் கை வைக்கவில்லை.
அன்றைக்குப் பதினொன்று.
நேற்று, நகக்கண் அளவில் ஒன்று சேர்த்து,
பன்னிரண்டு.